கைத்தொலைபேசியும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. கைத்தொலைபேசி, வைஃபை அலைகள் பட்ட கிருமிகளை எந்த ஆன்டிபயாட்டிக்காலும் கொல்ல முடியாது, ஈரானில் இதை நிரூபித்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். லயங்களுக்குப் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்குப்) பின்னால் தொலைத்தொடர்புக் கோபுரம் எழும்பப் போகிறது என்ற பேச்சும் அதே நேரத்தில் கிளம்பியதால் பயம் இரட்டிப்பாகிவிட்டது. நான் அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை வளர்த்து, எந்த மருந்துக்கு அவை அடங்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அதனால் கோயில் மண்டபத்திலும் இரவுச் சந்தையிலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்தச் செய்தி உண்மையா, பொய்யா?

ஆய்வு நடந்தது உண்மை. "எந்த மருந்தாலும் கொல்ல முடியாது" என்பது பொய். ஆய்வு செய்தவர்களே அப்படிச் சொல்லவில்லை. அலைகள் பட்ட கிருமிகள் மருந்துக்குக் காட்டிய எதிர்வினையில் ஆய்வுக்கூடத் தட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது என்பதுதான் அவர்கள் சொன்னது. ஒரு நோயாளிக்குத் தொலைபேசியின் காரணமாக மருந்து பலிக்காமல் போனது என்று இதுவரை யாரும் காட்டவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் புலனச் செய்தி விழுங்கிவிட்டது.

ஈரானில் அப்படி என்னதான் செய்தார்கள்?

ஷிராஸ் நகர ஆய்வாளர்கள் 2015இல் கிளெப்சியெல்லா நிமோனியா என்ற கிருமியை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள். 2017இல் அடுத்த ஆய்வு வெளிவந்தது. அதில் ஈ.கோலை, லிஸ்டீரியா என்ற இரண்டு கிருமிகள். ஒரு பக்கம் 900 மெகாஹெர்ட்ஸ் கைத்தொலைபேசி போல அலை உமிழும் கருவி, இன்னொரு பக்கம் சாதாரண வைஃபை பெட்டி. வெவ்வேறு நேரம் அலை படவிட்டு, பிறகு மருந்துச் சோதனை செய்தார்கள்.

அந்தச் சோதனை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் முடிவை எடைபோட முடியும். வட்டத் தட்டில் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு, கிருமி வளர உணவு தரும் அகார் கூழை ஊற்றி உறையவிடுவோம். கிருமி கலந்த நீரைப் பஞ்சுக் குச்சியில் தோய்த்து, இடைவெளி விடாமல் மூன்று திசையிலும் இழுத்துத் தடவுவோம். அதன்மேல் மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை இடுக்கியால் எடுத்து வைத்து, 35 பாகை வெப்பப் பெட்டியில் இரவு முழுக்க விடுவோம். காலையில் திறந்தால் தட்டு முழுவதும் வெண்படலம் படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம் இருக்கும். அங்கே மருந்து கிருமியை வளரவிடவில்லை. தட்டைக் கவிழ்த்து, கறுப்புப் பின்னணியில் பிடித்து, அளவுகோலால் அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுப்போம். வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. சுருங்கினால் கிருமி தாக்குப்பிடிக்கிறது.

ஷிராஸ் ஆய்வில் அந்த விட்டங்கள் மாறின. அலை படும் நேரம் கூடக் கூட விளைவும் சீராகக் கூடவில்லை. ஒரு குறுகிய அளவுக்குள் மட்டும் எதிர்ப்புத் தெரிந்ததாக எழுதி, அதை ஒரு 'ஜன்னல்' என்று அழைத்தார்கள். மேலும் ஆராய வேண்டும் என்றும் அவர்களே கேட்டுக்கொண்டார்கள். புலனச் செய்தியில் இந்த வரி வரவில்லை.

வட்டம் சுருங்கியது என்றால் ஆபத்துதானே? ஏன் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை?

பெரிதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் துருவிக் கேட்கிறேன்.

எல்லா ஆய்வுக்கூடங்களும் தங்கள் வேலை சரியா என்று பார்ப்பதற்காகவே ஒரே வகை ஈ.கோலை கிருமியை வைத்திருக்கின்றன. ஏடிசிசி 25922 என்பது அதன் எண். அதன்மேல் ஜென்டாமைசின் வில்லையை வைத்தால் வட்டம் 19 முதல் 26 மில்லிமீட்டர் வரை வரலாம். அதற்குள் எங்கே விழுந்தாலும் சோதனை சரி என்றுதான் உலகத் தர அமைப்பு சொல்கிறது. அதே கிருமி, அதே மருந்து, அலை எதுவும் இல்லை, ஆனாலும் 7 மில்லிமீட்டர் இடைவெளி அனுமதிக்கப்படுகிறது. கூழ் சற்றுக் கனமாகப் போனால் வட்டம் சுருங்கும். தடவிய கிருமி நீர் சற்று அடர்த்தியாக இருந்தால் சுருங்கும். தட்டில் ஈரம் தங்கினாலும் அளவு தவறும். இதையெல்லாம் கையால் செய்து பழகியவர்களுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் எவ்வளவு எளிதில் வந்துவிடும் என்று தெரியும்.

இதைவிட முக்கியமானது சூடு. அலை உமிழும் கருவி இளஞ்சூடாகும். அலையே நீரைச் சற்றுச் சூடாக்கும். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியக்கூடியது. ஒரு பாகை வெப்பம் மாறினாலும் அதன் வளர்ச்சி வேகம் மாறும். வளர்ச்சி வேகம் மாறினால் வட்டமும் மாறும். எனவே இத்தகைய ஆய்வு எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது மூன்று. கிருமி இருந்த இடத்தின் வெப்பத்தை விடாமல் அளந்தார்களா? கருவியை அணைத்து வைத்து, மற்றதையெல்லாம் அப்படியே செய்த போலித் தட்டு இருந்ததா? விட்டத்தை அளந்தவருக்கு எந்தத் தட்டு எது என்று தெரியாமல் மறைத்திருந்தார்களா? மனிதக் கண் தான் எதிர்பார்ப்பதை அரை மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ பார்த்துவிடும். நேர்மையானவர்களுக்கும் இது நடக்கும்.

கடைசியாக ஒன்று. அலையை நிறுத்திய பிறகு, அந்தக் கிருமியின் பேரப்பிள்ளைகளிடமும் எதிர்ப்பு நிலைத்திருக்கிறதா என்பது. நிலைத்தால் மரபணுவில் ஏதோ மாறியிருக்கிறது, நாம் கவலைப்பட வேண்டும். நிலைக்காவிட்டால் அது தற்காலிகத் தடுமாற்றம். மருத்துவமனை வார்டுகளில் ஆளைக் கொல்லும் எதிர்ப்பு முதல் வகையைச் சேர்ந்தது.

கதிர்வீச்சு என்றால் எக்ஸ்ரே போல மரபணுவை உடைக்காதா?

உடைக்காது. எக்ஸ்ரேயும் புற ஊதாக் கதிரும் மூலக்கூறுகளைச் சிதைக்கும் ஆற்றல் கொண்டவை. மரபணுவில் ஒரு பிணைப்பை அறுக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளிடம் இருப்பது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய நான்கு பங்கு. இப்படி எத்தனை துகள் வந்து மோதினாலும் பிணைப்பு அறுவதில்லை, சூடுதான் பிறக்கும். கிருமியின் சவ்வு வழியாக அயனிகள் போய்வரும் விதம் மாறலாம் என்றொரு ஊகம் இத்துறையில் பேசப்படுகிறது. அது ஆராயத் தகுந்த ஊகம்தான்.

லயத்துக்குப் பின்னால் கோபுரம் வந்தால்? எதிர்த்து மனு எழுத வேண்டாமா?

கிருமிகளைக் காரணம் காட்டி எழுத வேண்டாம். அந்தக் காரணம் நிற்காது.

அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் நான்கில் ஒரு பங்கு. பத்து மடங்கு தள்ளிப் போனால் நூறில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கான அனைத்துலக வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். மலேசியாவில் தொடர்பு, பல்லூடக ஆணையம் பின்பற்றுவதும் அந்த அனைத்துலக வரம்புகளைத்தான். கோபுரங்களைச் சுற்றி மக்கள் நடமாடும் இடங்களில் அளந்தபோது, கிடைத்தது வரம்பில் 0.002 முதல் 2 விழுக்காடு வரைதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் எழுதியது.

பலருக்கும் தெரியாத செய்தி இது: கோபுரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, உங்கள் கையில் இருக்கும் தொலைபேசி அவ்வளவு உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. லைன் நன்றாக இருந்தால் 4ஜி தொலைபேசி தன் சக்தியை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிக்கொள்ளும். செம்பனைக் காட்டுக்குள், ஒற்றைக் கோடு லைனில், மந்தோரை (தோட்டக் கங்காணியை) கூப்பிட முயலும்போது அதே தொலைபேசி தன் உச்ச சக்தியான 0.2 வாட்டுக்கு ஏறிவிடும். ஆகவே அலை படுவதைக் குறைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் அக்கறை என்றால், கோபுரத்தை விரட்டுவது எதிர்விளைவைத் தரும். உச்ச சக்தியிலும் தொலைபேசி வரம்புக்குள்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

இடம், நில உரிமை, இடிதாங்கி, பராமரிப்பு, பிள்ளைகள் ஏறிவிடாமல் வேலி ஆகியவை குறித்து மனு எழுதுங்கள். அதில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சரி, கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது எதனால்?

நாம் அவற்றுக்கு மருந்தைப் பழக்கிக் கொடுப்பதால்.

கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டுக்குத் தற்செயலாக மருந்தைத் தாங்கும் குணம் அமைந்திருக்கும். சில கிருமிகள் மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கும். சில உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும். சில, மருந்து நுழையும் துவாரத்தையே அடைத்துக்கொள்ளும். மருந்து வந்ததும் மற்றவை மடிய, இவை மட்டும் பெருகும். பயிர் முழுவதையும் களைக்கொல்லியால் அடித்துவிட்டு, அதற்கு மசியாத களைக்கு நிலத்தைத் தாரைவார்த்தது போல.

அதோடு நின்றால் பரவாயில்லை. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையத்தை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2015இல் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலையில் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். வேறு எந்த மருந்தும் பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை அது செயலிழக்க வைத்தது. அதுவும் பிளாஸ்மிட்டில் உட்கார்ந்துகொண்டு. கால்நடைகளுக்குக் கொலிஸ்டினை வாரி இறைத்ததுதான் அதை வளர்த்தது. மலேசியா 2019 ஜனவரியிலிருந்து உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார்: போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 1.27 மில்லியன் பேர் உலகில் இறந்தார்கள் என்று 2022இல் வெளிவந்த கணக்கு சொல்கிறது. இந்தக் கணக்கில் கைத்தொலைபேசி அலைக்கு இடமே இல்லை.

நம் ஊரில் இது எங்கே நடக்கிறது?

சமையலறை அலமாரியில். பிஸ்கட் டின்னுக்குள். பாதி தின்ற அமாக்சிசிலின் பட்டையை நம் வீடுகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! "போன தடவை அண்ணனுக்குக் கொடுத்தது, நல்ல மாத்திரை" என்று சளி பிடித்த தங்கைக்கு இரண்டு, இருமும் தாத்தாவுக்கு இரண்டு. சளியும் ஃபுளூவும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் அவற்றைத் தொடவே தொடாது. ஆனால் தங்கையின் குடலில் அமைதியாக வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களைத் தொடும். அவற்றில் தப்பிப் பிழைப்பவை எதிர்ப்புக் குணத்தோடு தப்பிப் பிழைக்கும்.

கிளினிக்கில் போய் "ஸ்ட்ராங்கான மருந்து கொடுங்கள் டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும்" என்று வற்புறுத்துவதும் இதே கணக்கில்தான் சேரும். ஒரு நாள் சம்பளம் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அவசரத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த மருந்து உங்களைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்பாது என்பதைத்தான் சொல்கிறேன். மலேசியாவில் ஆன்டிபயாட்டிக் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. யாராவது சீட்டு இல்லாமல் நீட்டினால் வாங்காதீர்கள்.

பின்கட்டில் வளர்க்கும் கோழி தூங்கி விழுந்தால் மனிதருக்கான கேப்ஸ்யூலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்தில் கேளுங்கள்.

தொலைபேசியால் கிருமி ஆபத்தே இல்லை என்கிறீர்களா?

இருக்கிறது, அலையில் இல்லை, கண்ணாடித் திரையில் இருக்கிறது. மருத்துவமனை ஊழியர்களின் தொலைபேசிகளைத் துடைத்து வளர்த்துப் பார்த்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. பல வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ உட்பட, நோய் தரும் கிருமிகள் அவற்றில் கிடைத்திருக்கின்றன. இந்தக் கிருமி காய்ந்த பிளாஸ்டிக் பரப்பில் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் நம் வீடுகளில் இருக்கும் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு நோய். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. எல்லா இனங்களிலும் இதுவே அதிகம். அம்மாவின் கால் புண்ணுக்கு மருமகள் கட்டு மாற்றுகிறார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்கிறார். பழைய துணியைப் பிரித்ததும் நடுவில் தொலைபேசி அழைக்கிறது. எடுத்துப் பேசுகிறார், தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிறார், பிறகு அதே விரலால் புது காஸ் துணியை எடுத்துப் புண்ணின்மேல் வைக்கிறார். கை கழுவியது வீணாகிவிட்டது. அந்தப் புண்ணில் எம்ஆர்எஸ்ஏ புகுந்தால் அதற்கு மருந்து தேடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் வட்டமே விழாத தட்டை நான் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட தட்டின் அறிக்கையை எழுதும்போது கை கனக்கும்.

கட்டு மாற்றும்போது தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். தினமும் ஒரு முறை அதை அணைத்துவிட்டு, 70 விழுக்காடு ஐசோபுரொப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். நேரடியாகத் தெளிக்க வேண்டாம். உறையைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். அழுக்கு தங்குவது அங்கேதான்.

மருந்து பாட்டிலைத் தொலைபேசிக்கு அருகில் வைத்தால் கெட்டுவிடுமா?

கெடாது. வெயிலில் நிறுத்திய காரில் விட்டால்தான் கெடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மருந்துத்தூளைத் தண்ணீர் விட்டுக் கரைத்த பிறகு குளிர்பெட்டியில் வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைத்திருக்கக் கூடாது.

கால்சட்டைப் பையில் தொலைபேசி வைத்தால் வயிற்றுக் கிருமிகள் மாறுமா?

அதற்குச் சான்று இல்லை. குடல் கிருமிகளை நிச்சயமாக மாற்றுவது நீங்கள் விழுங்கும் ஆன்டிபயாட்டிக்.

புற்றுநோய் பற்றி?

இந்தப் பக்கத்தின் விஷயம் அதுவல்ல, இருந்தாலும் எல்லாரும் கேட்கிறார்கள். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011இல் இந்த அலைகளை 2பி பிரிவில் வைத்தது. 'சாத்தியம் இருக்கலாம், சான்று போதாது' என்று அதற்குப் பொருள். உலகச் சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2024இல் வெளிவந்த பெரிய மறு ஆய்வு, கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

என் மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். இதையே அறிவியல் கண்காட்சிக்குச் செய்யலாமா?

இந்தக் கேள்வி வந்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. செய்யட்டும். ஆனால் தொலைபேசியைத் துடைத்த கிருமியையோ தொண்டைக் கிருமியையோ வீட்டில் வளர்க்கக் கூடாது. எது வளரும் என்று சொல்ல முடியாது. தயிரை எடுத்துக்கொள்ளட்டும். ஒரே பாலில் ஒரே அளவு உறை ஊற்றிப் பல கிண்ணங்களாகப் பிரிக்கட்டும். ஒரு வரிசைக்குப் பக்கத்தில் அழைப்பில் இருக்கும் தொலைபேசி. இன்னொன்றின் பக்கத்தில் அணைத்த தொலைபேசி. மூன்றாவதன் பக்கத்தில், முதல் வரிசைக்கு ஏறும் அதே அளவு சூட்டைத் தரும் வெந்நீர்ப் பை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வெப்பமானி. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு புளிக்கிறது என்பதை, எந்தக் கிண்ணம் எது என்று தெரியாத ஒரு தோழி அளக்கட்டும். முதல் வரிசையும் மூன்றாவது வரிசையும் ஒத்துப்போனால் வேலை செய்தது சூடு. ஒத்துப்போகாவிட்டால் மறுபடி செய்யட்டும், அப்புறமும் மறுபடி செய்யட்டும். ஆசிரியர் சம்மதித்தால் நானும் வந்து உதவுகிறேன்.

ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

இது பாக்டீரியாவா, வைரஸா? மருந்து இல்லாமல் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? உணவுக்கு முன்பா, பின்பா? தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் நிமோனியா, சிறுநீரகத் தொற்று, எலிச் சிறுநீர்க் காய்ச்சல் போன்றவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும். மழைக்காலத்தில் தோட்ட வாய்க்காலில் இறங்கி வேலை செய்தவருக்குக் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், இதைப் படித்துவிட்டு மருந்தை ஒதுக்கிவிடாதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள், தோட்ட வேலை செய்வதையும் வாயைத் திறந்து சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்).

சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். நடுவில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் கேட்டு நிறுத்துங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய பட்டைகளைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் அரசாங்க மருத்துவமனை அல்லது கிளினிக் மருந்தக முகப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். எங்கே வாங்கினீர்கள், ஏன் மிச்சம் வைத்தீர்கள் என்று யாரும் திட்ட மாட்டார்கள்.